சூரியனில் மைப்புள்ளி

சூரியனில் கரும்புள்ளி இருந்தால் உனக்கென்ன, இல்லாவிட்டால் உனக்கென்ன? காயப்போட்ட துணி காய்ந்ததா, அதோடு விட்டுவிட்டுப் போகாமல், புள்ளி எப்படி வந்தது, ஏன் கலையாமல் நிற்கிறது என்று என்னிடம் வந்து கேட்கிறாய். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் அப்படியே வீட்டுக்கு நடந்தவள், இன்னும் திரும்பிப் போகவில்லை. என்னைப் போய் கேட்பதென்றால் யாரோ உன்னை ஏவிவிட்டிருக்கிறார்கள். என் மருமகளாகத்தான் இருக்கும். சரி, வந்தது வந்துவிட்டாய், சொல்கிறேன். நான் சொன்னதாக வெளியே சொல்லாதே. சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள், அதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. தெருவில் ஏழு பெண்களுக்குக் கண்ணில் புரை. நான் ஒருத்தி. இலவசமாகப் புரை எடுக்கிறோம், வேன் வரும், சாப்பாடு உண்டு, போர்வை உண்டு என்று கேம்ப்காரர்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். போர்வை வரைக்கும் சும்மா கொடுக்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் ஒருத்தியை முதலில் விட்டுப் பார்ப்பார்கள். காஸ் அடுப்பு வந்தபோது நான்தான் பற்றவைத்தேன். கொரோனா ஊசி வந்தபோது என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். மூன்று நாள் கழித்தும் நான் சாகாமல் வம்பு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கையை நீட்டினார்கள். புரைக்கும் நான்தான் முதல்.

போன இடத்தில் நர்ஸ் பெண் ஒருத்தி என் வலது புருவத்துக்கு மேலே கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்தாள்.

"இது இன்னாத்துக்குமா?" என்றேன்.

"எந்தக் கண்ணுன்னு டாக்டருக்குத் தெரியணும் இல்ல பாட்டி."

"ஏன், பாத்தா தெரியாதா அவருக்கு?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கண்ணுக்குள்ளே புது லென்ஸ் வைத்து, வெளியே போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் உலகம் கழுவிவிட்டது போல் தெரிந்தது. பாத்திரங்களின் அடியில் இருந்த கரி தெரிந்தது. மருமகளைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்தக் கண்ணை ஏன் சரி பண்ணினோம் என்று அவள் முகத்தில் எழுதியிருந்ததையும் படிக்க முடிந்தது.

அடுத்த வீட்டில் பூ கட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சிறு பெண்ணாக இருக்கும்போது களத்தில் கதிர் அடிக்கையில் நெல் தெறித்து ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு கண்ணில்தான் இப்போது புரை. அது முற்றிக்கொண்டு வருகிறது, அடுத்த வேனை விடக்கூடாது என்று டாக்டர் அவள் மகனிடம் சொல்லியிருந்தார். கனகாம்பரத்தையும் முல்லையையும் விரலால் தடவித்தான் பிரிப்பாள். அவளுக்கு இருந்தது ஒரே பயம். இந்த ஒன்றும் போய்விட்டால்?

"யக்கா, நீ போயிட்டு வந்து சொல்லு. உன் கண்ணு நல்லா கீதுன்னு நீ சொன்னா நானும் போறேன்," என்று சொல்லியிருந்தாள். நல்லா கீது என்று நானும் சொல்லியிருந்தேன். அவளோடு சேர்த்து ஆறு பேரும், இடது கண்ணுக்கு நானும், ஒரு வெள்ளிக்கிழமை பேர் கொடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை வேனுக்கு டோக்கன் வாங்கினோம்.

சனிக்கிழமை காலையில் ஏரிக்கரை மேலே நடந்தேன். மார்கழிப் பனி. கிழக்கே பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் வெளிச்சமே இல்லாமல், தேய்த்து வைத்த செம்புத் தட்டு மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. கண்ணில் கறுப்புக் கண்ணாடி இருக்கிறதே என்று தைரியமாகப் பார்த்தேன். நீ பார்க்காதே, பார்க்கக் கூடாது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. தட்டின் கீழ்ப்பக்கத்தில் ஒரு கரும்புள்ளி.

கண்ணாடியைத் துடைத்தேன். புள்ளி இருந்தது. இடது கண்ணால் பார்த்தேன், அதில் சூரியனே ஒரு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தேன், புள்ளி இல்லை. மறுநாள் காலை ஏரிக்கரையில் பார்த்தேன், இருந்தது. இடம் கொஞ்சம் தள்ளியிருந்த மாதிரியும் இருந்தது. அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நர்ஸ் வைத்த மை உள்ளே இறங்கிவிட்டது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு, மற்ற நேரத்தில் ஒளிந்திருந்து, சூரியனைப் பார்த்தால் மட்டும் வெளியே வருகிறது. நகர்ந்துகொண்டும் இருக்கிறது. போர்வையும் சாப்பாடும் சும்மா கொடுத்தது இதற்குத்தான்.

பூக்காரியிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். சாயங்காலம் பால் சொசைட்டியில் நான் போய் நிற்பதற்கு முன்பே ஐந்து பேர் என் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மை தெரிகிறது என்றே சொன்னாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆறு பேரும் வேனில் ஏறப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது.

பூக்காரி மட்டும் கிட்டே வரவில்லை. பால் தூக்கை வாங்கிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு வீட்டுக்குப் போனாள். அவள் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் மருமகள் காதுக்கு மறுநாளே போய்விட்டது. அவள் அரசுப் பள்ளியில் லேப் அட்டெண்டர். கண்ணாடிக் குழாயும் காந்தமும் கழுவித் துடைத்து வைக்கிற வேலை. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சூரியன நேரா பாத்தீங்களா அத்த? ஆபரேஷன் பண்ண கண்ணால? அந்தக் கண்ணாடி தூசிக்கும் வெளிச்சத்துக்கும் குடுத்தது. சூரியன பாக்க இல்ல. நல்ல கண்ணு வெந்துபூடும்."

"வெந்தா வேகட்டும். உள்ள மை கீதே, அதுக்கு இன்னா சொல்ற?"

"மை உங்க கண்ணுல இல்ல. சூரியன்லதான் இருக்குது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேம்ப்காரர்கள் இவளையும் வளைத்துப்போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து ஒரு பழைய பைனாகுலர் கொண்டுவந்தாள். அரை நாள் லீவு போட்டாளாம். எனக்காக லீவு போடுகிறவள் இல்லை அவள், அதுவே சந்தேகம். பைனாகுலரைப் பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் துண்டால் கட்டினாள். ஒரு பக்கத்து மூடியை மாட்டிவிட்டு, மற்றதைச் சூரியனைப் பார்த்துத் திருப்பினாள். அதில் கண் வைத்தால் அவ்வளவுதான் என்று மூன்று முறை மிரட்டினாள். பின்னால், நிழலில், பழைய மாதக் காலண்டரின் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்தாள். காலண்டரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சூரியன் வந்து விழுந்தது. அதில் ஒரு கரும்புள்ளி. நடுவில் கரிக்கறுப்பு, அதைச் சுற்றித் தோசை ஓரம் கருகின மாதிரி ஒரு வளையம்.

"காலண்டர்ல எறும்பு," என்றேன்.

காலண்டரை நகர்த்தினாள். புள்ளி அங்கேயே நின்றது.

"அப்போ பைனாகுலர் கண்ணாடியில அழுக்கு. நீ எப்படித் துடைப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் பைனாகுலரை லேசாகத் தட்டினாள். சூரியன் காலண்டரில் ஒரு பக்கமாகச் சரிந்தது. புள்ளியும் சூரியனோடேயே சரிந்தது. கண்ணாடியில் அழுக்கென்றால் அது இருந்த இடத்திலேயே அல்லவா நிற்க வேண்டும்? பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணால், புகைக்குள் பார்ப்பது போல, காலண்டரை மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். மங்கலாக அங்கேயும் ஏதோ இருந்தது. அந்தக் கண்ணை இன்னும் எந்த நர்ஸும் தொடவில்லை.

அப்போதும் நான் விடவில்லை. "சூரியன்ல எப்படி வந்தது?"

"உலை கொதிக்கறப்ப பாத்திருக்கீங்க இல்ல? அடியில சூடானது மேல வருது. மேல வந்து பக்கத்துல பரவி, ஆறி, ஓரமா கீழ எறங்குது. சூரியனோட மேல்பக்கமும் அப்படித்தான் கொதிச்சிக்கினே இருக்குது. உள்ள இருக்கற சூடு வெளிய வர்றதே அந்தக் கொதிப்புலதான். ஒரு எடத்துல மட்டும் கொதிப்ப புடிச்சி நிறுத்திட்டா?"

"சோறு வேகாது."

"சூடு மேல வராது அத்த. அந்த எடம் ஆறிப்போவும். ஆறினது மங்கலா தெரியும். அதான் புள்ளி."

"கொதிக்கறத யாரு போயி புடிச்சாங்க?"

"காந்தம்."

நான் எழுந்துவிட்டேன். காந்தம் ஆணியைப் பிடிக்கும், குண்டூசியைப் பிடிக்கும். நெருப்பைப் பிடிக்குமா? மருமகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்தச் சூட்டில் காற்றே கரண்டு பாய்கிற சாமானாக மாறிவிடுமாம். கரண்டு பாய்கிற எதையும் காந்தம் தன் வழிக்கு இழுக்குமாம். சூரியன் நடுவயிற்றில் வேகமாகவும் மேலே கீழே மெதுவாகவும் சுற்றுவதால், உள்ளே இருக்கிற காந்தம் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்கிறதாம். கயிற்றை ரொம்ப முறுக்கினால் ஒரு இடத்தில் வளைந்து மேலே எழும்புமே, அப்படி ஒரு வளைவு சூரியனின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தலை நீட்டுகிறது. வெளியே வருகிற இடத்தில் ஒரு புள்ளி, திரும்ப உள்ளே போகிற இடத்தில் ஒரு புள்ளி. அதனால் பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்குமாம். காலண்டரை இன்னொரு முறை உற்றுப் பார்த்தேன். பெரியதற்குக் கொஞ்சம் தள்ளிச் சின்னதாக இரண்டு மூன்று இருக்கத்தான் செய்தன.

"அந்தக் கயிறு நிக்கற எடத்துல சூடான காத்து மேல கீழ வழுக்கலாம். குறுக்கால தாண்ட முடியாது. குறுக்கால பரவ முடியலன்னா கொதிப்பு எப்படி நடக்கும்?"

வில்லியனூர்த் தேரின்போது சவுக்குக் கம்பு கட்டி வழி போட்டிருப்பார்கள். அதற்குள் மாட்டிக்கொண்டால் முன்னே போகலாம், பின்னே போகலாம். பக்கத்துக் கடையில் வளையல் விலை கேட்க முடியாது. இது எனக்குப் புரிந்தது. புரிந்ததை மருமகளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்போ அது அணைஞ்சு போன கரியா?"

"கரி இல்ல, அதுவும் எரியுதுதான். அத மட்டும் தனியா எடுத்து ராத்திரி வானத்துல வெச்சா நெலாவ விட வெளிச்சமா இருக்கும். பக்கத்துல அதவிட வெளிச்சம் இருக்கறதால கறுப்பா தெரியுது."

இதுவும் புரிந்தது. என் மீன்குழம்பு நல்ல குழம்புதான். மருமகள் வைத்த குழம்பைப் பக்கத்தில் வைக்கிறவரைக்கும்.

ஆனால் ஓர் இடத்தில் அவளைப் பிடித்துவிட்டேன். வீட்டில் பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தங்கள் இரண்டு கிடந்தன. ஒரே முகத்தை எதிரெதிரே வைத்தால் ஒன்றை ஒன்று தள்ளும், விரலில் தெரியும். "இத்தினி கயிறும் ஒரே பக்கம் தலைய நீட்டிக்கினு நிக்குது. ஒன்ன ஒன்னு தள்ளிக்கினு எப்பவோ சிதறியிருக்கணும் இல்ல? நான் மூணு நாளா பாக்கறேன், அப்படியே கீது. யாரு காதுல பூ சுத்தற?"

மருமகள் தெரியாது என்றாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் முதல் முறை. டீச்சரைக் கேட்டு வருகிறேன் என்று காலண்டரைச் சுருட்டினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சோறு நன்றாக இறங்கியது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து நேராக என்னை ஏரி மதகுக்குக் கூட்டிப்போனாள். மதகு திறந்திருந்தது. தண்ணீர் அந்த இடத்தில் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஏரியில் அங்கங்கே கிடந்த ஆகாயத்தாமரை, வைக்கோல், யாரோ எறிந்த செருப்பு எல்லாம் மெல்ல அங்கேயே வந்து, நெருக்கிக்கொண்டு நின்றன. காற்று கலைக்கப் பார்த்தது. ஓரத்தில் ஒன்றிரண்டு பிய்த்துக்கொண்டு போயின. நடுவில் இருந்தது அசையவில்லை.

"பிசிக்ஸ் டீச்சர்கிட்ட கேட்டேன். நீங்க கேட்டது சரியான கேள்விதானாம். கயிறு ஒன்ன ஒன்னு தள்ளறது நெசம். ஆனா அந்த எடம் ஆறிடுச்சு இல்ல, ஆறினது கனமாயி கீழ எறங்குது. எறங்கினா சுத்துல இருக்கறது உள்ளார அந்த எடத்துக்கு வருது. வர்றது, இந்த ஆகாயத்தாமரைய நெருக்கற மாதிரி, கயித்தையெல்லாம் சேத்து நெருக்குது. வெளிய இருக்கற காத்தோட அமுக்கமும் நெருக்குது. கயிறு நெருங்கினதால கொதிப்பு நிக்குது. கொதிப்பு நின்னதால ஆறுது. ஆறினதால எறங்குது. எறங்கறதால திரும்ப கயிறு நெருங்குது. அதனாலதான் நாள்கணக்கா, சிலது மாசக்கணக்கா நிக்குது. ஓரத்துல பிஞ்சி பிஞ்சிதான் கரையும்."

"உள்ள எறங்குதுன்னு யாரு போயி பாத்தாங்க?"

"யாரும் போவல. சூரியன் அதிருதாம். அந்த அதிர்வ வெச்சி உள்ள எது எப்படி ஓடுதுன்னு கணக்கு போடறாங்க. எவ்ளோ ஆழம் வரைக்கும் இப்படின்னு இன்னும் சரியா தெரியலன்னு டீச்சரே சொன்னாங்க."

தெரியவில்லை என்று சொன்னார்களே, அங்கேதான் நான் விழுந்தேன். ஏமாற்ற வந்தவன் எவனும் எனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. மதகில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புள்ளி சூரியனில்தான் இருக்கிறது. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை வேன் வந்து காலியாகப் போகும். பூக்காரியின் ஒற்றைக் கண் என் வாயால் போகும்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போய், காலையில் நேரிலேயே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை மருமகளை விட்டு நாற்காலியையும் பைனாகுலரையும் அவள் வாசலிலேயே கட்டவைத்தேன். மற்ற ஐந்து பேரும் வந்தார்கள். காலண்டரை நானே பிடித்தேன்.

"பாருடி, இதோ புள்ளி. சூரியன்ல கீது. என் கண்ணுல இல்ல."

பூக்காரி குனிந்து, காலண்டரில் மூக்கு படுகிற அளவுக்கு வந்து பார்த்தாள். "வெள்ளையா கீது யக்கா. வேற ஒண்ணும் தெரியல."

மற்றவர்களுக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என் இடது கண்ணில் தெரிந்த அளவுக்குக்கூட அவர்களுக்கு வெளிச்சம் இறங்கவில்லை. புரை இருக்கிறவர்களிடம் புள்ளியைக் காட்டிப் புரை எடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரி என்று உலை, கயிறு, தேர், மதகு எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள்கூட நடுவில் திருத்தவில்லை, அவ்வளவு சரியாகச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சூரியன்ல காந்தமாம்," என்றாள் ஒருத்தி.

"கேம்ப்காரன் இன்னா குடுத்தான் ஆயா உனக்கு?" என்றாள் இன்னொருத்தி.

பூக்காரி மட்டும் மெதுவாக, "நீ முதல்ல சொன்னதுதான் யக்கா நெசம். இப்போ யாரோ உன்ன மெரட்டி பேச வெக்கறாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சந்தேகப்பட நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

நிஜத்தைச் சொல்லி ஆகவில்லை. அவர்கள் நம்புகிற மாதிரி என்ன இருக்கிறது என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்தேன். சூரியனைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றித் தெரியும். பால் சொசைட்டியில் ஆறு பேரும் வரிசையில் நின்றபோது, தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாடி பண்றது, சொல்லிடறேன். எம் மருமவ திட்டறா. கண்ணுல மை இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க ஆறு பேரும் வராம நின்னுட்டா நான் மட்டும் வேன்ல காலை நீட்டி படுத்துக்கினு போலாம்னு பாத்தேன். போன தடவ பின் சீட்டுல குலுங்கி குலுங்கி இடுப்பே போச்சு. ஆறு பேரு சோறும் எனக்கே வரும். முட்டை வேற குடுத்தாங்க."

பால் அளக்கிறவன் அளப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் ஒருத்தி. "இவ மூஞ்சிய பாத்தா தெரியாதா?"

"முட்டைக்காவா? நாக்க அறுக்கணும் உனக்கு."

"நாளைக்கு நாங்க முன்னாடி ஏறுவோம். நீ பின் சீட்டுலதான் வரணும்."

காந்தத்தை ஒருத்தியும் நம்பவில்லை. முட்டையை ஆறு பேரும் நம்பினார்கள். பூக்காரி இடுப்பிலிருந்து பூ நூலை எடுத்தாள். எதில் சுற்றி வைத்திருந்தாள் தெரியுமா? கேம்ப் டோக்கன் அட்டையில். அங்கேயே நின்றுகொண்டு நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பாதி பிரித்தவள் நிமிர்ந்து, என் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"அப்போ சூரியன்ல புள்ளின்னியே யக்கா, அது?"

"சூரியன்ல இன்னாடி இருக்கும்? ஒண்ணும் இல்ல. காலையில ஆறு மணிக்கு வேன், டோக்கன எடுத்துக்கினு வந்து சேரு."